ஏழாம் மாதத்துச் சர்க்கரை

1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தார் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளியை ஸ்தாபித்தனர். பிற்காலத்தில் பெயரும் இடமும் மாறி, 1964-ல் ஜிப்மர் என்ற பெயரோடு கோரிமேட்டில் நிலைபெற்ற பெரிய மருத்துவ நிலையத்துக்கு அதுவே மூலம். அதே 1823-ல், கடலுக்கு அப்பால் பெர்லின் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஐந்தாம் முறையாகக் கருவுற்றிருந்த 22 வயதுப் பெண்ணொருத்தி, எவ்வளவு நீர் பருகியும் அடங்காத தாகத்தோடு வந்து சேர்ந்தாள். அவளைக் கவனித்த ஹைன்ரிஹ் பென்னெவிட்ஸ் என்ற இளம் மருத்துவர், அவளது சிறுநீரில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டார். பிரசவத்தில் அவள் பெற்ற குழந்தை 12 பவுண்டு எடையுள்ளதாக, அசாதாரணமான உருவத்தோடு, உயிரற்றுப் பிறந்ததையும் கண்டார். சில நாட்களில் தாயின் தாகமும் சர்க்கரையும் ஒருங்கே மறைந்துபோனதையும் கண்டு, இவ்வியாதி கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போவது என்ற முடிவுக்கு வந்து, அடுத்த ஆண்டில் அதைத் தமது ஆய்வேடாக எழுதி வைத்தார்.

பென்னெவிட்ஸ் கண்டவை மூன்று: தாயின் சர்க்கரை, சிசுவின் பருமன், பிரசவத்துக்குப் பின் வியாதி மறைதல். இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைக்கும் காரணம் இன்னதென்று விளங்குவதற்கு ஏறக்குறைய 130 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால், வீராம்பட்டினத்தில் மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் ஒரு கர்ப்பிணி கையில் மிகுந்த பணமில்லாமலே இந்த வியாதியிலிருந்து தன்னையும் தன் சிசுவையும் காத்துக்கொள்ள முடியும் என்பதும், அவள் எந்த இடத்தில் சிக்கனம் பார்க்கலாம், எந்த இடத்தில் பார்க்கவே கூடாது என்பதும் தெளிவாகும். இந்த அத்தியாயத்தின் நோக்கம் அதுதான்.

கருவுற்ற பெண்ணின் சரீரத்தில் நஞ்சுக்கொடி வளர வளர, அது சில ஹார்மோன்களைச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கிறது. இவை தாயின் தசைகளையும் கொழுப்புத் திசுக்களையும் இன்சுலினுக்கு எளிதில் இணங்காதபடி செய்துவிடுகின்றன. வளரும் சிசுவுக்கு ஆகாரம் தட்டுப்படாமல், உண்ட சோற்றின் சர்க்கரை தாயின் ரத்தத்தில் சற்று அதிக நேரம் தங்கியிருக்கவேண்டும் என்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது, இதில் குற்றமொன்றுமில்லை. ஆரோக்கியமான கணையமுள்ள பெண், வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடுகிறாள். அவ்வாறு ஈடுகட்டச் சக்தியில்லாத கணையம் வாய்த்தவளுக்கே சர்க்கரை எல்லை மீறுகிறது. ஆறாம் ஏழாம் மாதங்களில் இந்த எதிர்ப்பு வேகமாக ஏறுவதால், பெரும்பாலோருக்கு வியாதி தலைகாட்டுவதும் அப்போதுதான்; பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறியதும் எதிர்ப்பும் வெளியேறிவிடுவதால், பெர்லின் பெண்ணுக்கு நேர்ந்ததுபோல் வியாதியும் மறைகிறது, அல்லது மறைந்ததுபோல் பதுங்குகிறது.

சிசுவின் பருமனுக்குக் காரணம் சொன்னவர் டென்மார்க் தேசத்து யோர்கன் பெடர்சன். 1952-ல் அவர் வெளியிட்ட கொள்கை இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காலத்தில் எல்லைச் சாவடிகளில் சில சரக்குகள் தாராளமாக உள்ளே போகும், சில அங்கேயே தடுத்து நிறுத்தப்படும் என்று பழைய மனிதர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நஞ்சுக்கொடியும் அப்படியொரு சாவடியே. தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அது தடையின்றி அனுமதிக்கிறது. தாயின் இன்சுலினையோ அனுமதிப்பதில்லை. ஆகவே தாயின் சர்க்கரை ஏறினால் சிசுவின் சர்க்கரையும் ஏறுகிறது; அதைச் சமாளிக்கச் சிசு தன் சொந்தக் கணையத்தையே நம்பவேண்டியதாகிறது. மூன்றாம் மாதம் முதலே இன்சுலினைச் சுரக்கத் தொடங்கும் அந்தச் சின்னஞ்சிறு கணையம், அளவுக்கு மீறி உழைத்து, அளவுக்கு மீறிய இன்சுலினைப் பெருக்குகிறது. இன்சுலின் சர்க்கரையை அடக்குவது மட்டுமன்றி உடலை வளர்க்கும் பொருளுமாதலால், சிசுவின் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. தலை வெளிவந்த பிறகும் தோள் சிக்கிக்கொள்ளும் பயங்கரமான பிரசவங்கள் இதனால் நேர்கின்றன. தொப்புள்கொடியை அறுத்த கணத்தில் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட, சிசுவின் இன்சுலின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதால், பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடுவதும் உண்டு. குண்டாகப் பிறந்த பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் உற்றார் உறவினர், அந்தப் புஷ்டிக்குள் இத்தனை விஷயம் அடங்கியிருக்கிறதென்று அறிவதில்லை.

இது வசதி படைத்தவர் வீட்டு வியாதி என்ற நம்பிக்கை கடற்கரைக் குப்பங்களில் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், இந்தியா முழுவதற்கும் நீரிழிவு 11.4 சதவீதமாக இருக்க, புதுச்சேரியில் அது 26.3 சதவீதமாக இருந்தது. நாட்டிலேயே மிக அதிகமான எண்களுள் அது ஒன்று. வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இவ்வியாதியுள்ள ஒரு பிரதேசத்தில், கருவுற்ற பெண்கள் மட்டும் எப்படி விலக்காவார்கள்? உடல் மெலிந்தவளுக்குச் சர்க்கரை வராது என்பதும் பொய் நம்பிக்கையே. நம் நாட்டுச் சிசுக்கள் எடை குறைவாகப் பிறந்தும் ஒப்பளவில் கொழுப்பு மிகுந்த உடலோடு பிறக்கின்றன என்று பூனா நகரத்து டாக்டர் யாஜ்னிக் குழுவினர் நெடுநாள் ஆராய்ந்து காட்டியிருக்கின்றனர். தாயின் வயிற்றிலும் பால்யத்திலும் அரைவயிறு உண்டு வளர்ந்த சரீரம், பிற்காலத்தில் அரிசிச் சோறும் சர்க்கரை போட்ட டீயும் தாராளமாகக் கிடைக்கும்போது அவற்றை ஏற்கத் திணறுகிறது. ஆகையால் வறுமை இந்த வியாதிக்கு அரண் அன்று. சில சமயங்களில் அதற்கு வாசலாகவே இருக்கிறது.

வீராம்பட்டினம், புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்த பெரிய மீனவர் கிராமம். பழைய ரோமாபுரி வணிகத்தின் ஜாடித் துண்டுகள் கிடைத்த அரிக்கமேடு அதன் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கழுநீரம்மன் ஆலயத்து ஆடித் தேரைப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்து இழுத்துத் தொடங்கிவைத்த வழக்கம், கவர்னர்கள் மாறியும் மாறவில்லை. புராதன கீர்த்தி எவ்வளவிருந்தாலும் அன்றாட ஜீவனம் கடலைத்தான் நம்பியிருக்கிறது. ஆண்கள் இரவில் போய் விடியலில் கரையேற, பெண்கள் அந்த மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையிலோ பாத்திரத்திலோ நிரப்பிக்கொண்டு நகரத்து மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதைச் சர்க்கார் தடுத்திருக்கிறது. அப்போது வீட்டில் பணப் புழக்கம் சுருங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஜீவனத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்பது மருந்தின் விலை மட்டுமன்று. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைக்கலாம். ஆனால் அன்றைய வியாபாரம் போகும், பஸ் காசு போகும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒரு பரிசோதனைக்காக இரண்டு முறை வரச் சொன்னால், இரண்டாம் முறை அவள் வராமற்போவதற்கு அலட்சியம் காரணமன்று, கணக்குத்தான் காரணம்.

இந்தக் கணக்கை விஞ்ஞானத்தின் கணக்காக ஏற்றுக்கொண்டவர் ஒரு தமிழ் மருத்துவர் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க விஷயம். மேல்நாட்டு முறைப்படி கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிவதற்கு, பெண் இரவெல்லாம் பட்டினி கிடந்து காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். முதலில் ஒருமுறை ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்தபின் மேலும் ஒருமுறையோ இருமுறையோ எடுக்கவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை வளர்த்த டாக்டர் வி. சேஷையாவும் அவருடைய சகாக்களும், நம் நாட்டுக் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வந்த அதே நாளில், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதுமா என்று ஆராய்ந்தனர். நல்ல கணையமுள்ளவள் முன்பே உண்டிருந்தாலும் இந்தச் சர்க்கரையைச் சமாளித்துவிடுவாள், பலவீனமான கணையமுள்ளவளுக்கே அது எகிறும் என்பது அவர்கள் கூறிய நியாயம். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலிருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளலாம் என்றனர்.

அவர்கள் இந்தக் கணக்கோடு சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவு, நகரத்தில் 17.8 சதவீதம், புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9 என்று காட்டியது. கிராமத்திலும் பத்தில் ஒருத்தி! தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டுமென்று முதலில் ஏற்றது; மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதே ஒற்றைப் பரிசோதனையைத்தான் நாடு முழுவதற்கும் விதித்தது. சேஷையாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் நாள் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு தினமாக அனுசரிக்கப்படுகிறது.

இந்த முறையை எல்லோரும் ஒப்பினார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உண்ட நிலையில் செய்யும் பரிசோதனை, வெறும் வயிற்றுப் பரிசோதனை காட்டும் நோயாளிகளில் பலரைத் தவறவிட்டுவிடுகிறதென்று எடுத்துக்காட்டினர். இரு தரப்பாரின் வாதங்களையும் படித்தபின் எனக்குத் தோன்றும் அபிப்பிராயம் இது: வெறும் வயிற்றோடு வரக்கூடிய வசதியுள்ள பெண்ணுக்கு அந்தப் பரிசோதனை கூடுதல் நுணுக்கமானதுதான், ஆனால் பாதிப் பேர் வராமலே போய்விடும் நுணுக்கமான பரிசோதனையைவிட, வந்த அன்றே முடிந்துபோகும் பரிசோதனை ஒரு கிராமத்துக்கு அதிக உபகாரம் செய்கிறது. முதல் முறை சரியாயிருந்தாலும் மறுபடி செய்யவேண்டுமென்று வழிகாட்டுதல் சொல்வதன் அருமையும் இங்கேதான் விளங்குகிறது. முதன்முதலாகக் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது ஒருமுறை. பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை. இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்கவேண்டும். முதல் முறை தப்பியவள் இரண்டாம் முறையில் அகப்படுவாள்.

பரிசோதனை நடக்கும் விதம் மிக எளிது. 75 கிராம் குளுக்கோஸ் பொடியை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் அதைக் குடித்து முடிக்கவேண்டும். குமட்டும்; அதற்காக நர்சம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை அதில் பிழிந்து கொடுப்பதுமுண்டு. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், அதை மறைக்காமல் சொல்லி மறுநாள் திரும்பச் செய்துகொள்ளவேண்டும். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவதோ, மருமகளைப் பார்க்க வந்த மாமியார் வாங்கிவந்த பன்னைத் தின்பதோ கூடாது, ஓரிடத்தில் அமர்ந்திருக்கவேண்டும். இவ்வளவே. அரியாங்குப்பத்து அரசு சுகாதார நிலையம் போன்ற இடங்களில் கர்ப்பிணிகளுக்கு இதற்குக் காசு வாங்குவதில்லை. தனியார் லேபில் பணம் கொடுத்துத்தான் நம்பிக்கையான பரிசோதனை பெறமுடியும் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள், காத்திருக்கும் வாரங்களைத்தான் இழக்கிறார்கள்.

மேலே சொன்ன 24 முதல் 28 வாரம் வரையுள்ள காலம் நம் வழக்கத்தில் ஏழாம் மாதம் அல்லவா? நஞ்சுக்கொடியின் எதிர்ப்பு உச்சத்தை நோக்கி ஏறும் அந்த மாதத்தையே நம் பெரியோர் பல இடங்களில் வளைகாப்புக்கு நல்ல மாதமாகக் கொண்டிருக்கின்றனர். கைநிறையக் கண்ணாடி வளையல், நலங்கு, ஆரத்தி, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளி சாதம், சர்க்கரைப் பொங்கல், அதிரசம், லட்டு என்று வரிசை வரிசையாய் வந்தவர்களெல்லாம் அவள் வாயில் ஊட்டிவிடுவார்கள். “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்டி, கையைத் தள்ளாதே” என்று அத்தையொருத்தி வற்புறுத்துவாள். வளைகாப்பை நிறுத்தச் சொல்ல நான் துணியமாட்டேன். அந்த அன்பு கர்ப்பிணிக்கு வேண்டியதுதான். ஆனால் வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே சர்க்கரைப் பரிசோதனைக்கும் நாள் பார்த்து, முன்னதாகவே அதை முடித்துவிட்டால், ஊட்டுகிறவர்களுக்கும் தெரியும், உண்கிறவளுக்கும் தெரியும். பொங்கலை ஒரு விரல் நுனியளவு தொட்டு வைத்தால் சம்பிரதாயம் குறைந்துபோகாது.

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால், முதற் சிகிச்சை ஆகாரமே. மிக அதிகமாக இருந்தாலன்றி, இரண்டு வாரம் உணவு முறையையும் நடையையும் ஒழுங்குபடுத்தி, பிறகு உண்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தைப் பார்ப்பார்கள். அது 120-க்குக் கீழும், வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும் இருந்தால் அந்த ஒழுங்கே போதும். இந்த இரண்டு எண்களையும் ஒரு கர்ப்பிணி மனப்பாடம் செய்துகொண்டால் நல்லது.

ஆகாரத்தில் முதல் தவறு, பயந்துபோய்ப் பட்டினி கிடப்பது. சோற்றை முழுதும் விட்டுவிட்டு வெறும் டீயோடு மார்க்கெட்டுக்குப் போகும் பெண்ணின் சரீரம் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்குகிறது. அது சிசுவுக்கு நல்லதன்று. அதே அளவு ஆகாரத்தை மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகப் பங்கிட்டு உண்பதுதான் யுக்தி: காலை, மதியம், இரவு மூன்று அளவான சாப்பாடு, இடையிடையே மூன்று சிறு ஆகாரம். இதற்குப் புதிதாகக் காசு செலவில்லை; நேரம்தான் செலவு. ஒரே தட்டில் குவித்த சோறு ஒரே மூச்சில் சர்க்கரையாக மாறும். பாதித் தட்டுச் சோறும், மீனும், கீரையும், பயறும் மெதுவாக மாறும்.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சர்க்கரைக்காரருக்குக் கேழ்வரகு நல்லதென்று கேட்டு, நைசாக அரைத்த மாவை வடிகட்டி நீர்க்கக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடிப்பவர்கள் உண்டு. அரைபட்டு, வெந்து, நீர்த்துப்போன மாவு வயிற்றில் நிற்காமல் ஓடி, அரிசிக் கஞ்சியைப்போலவே சர்க்கரையை உயர்த்தும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை கலந்து அடையாகத் தட்டியோ, அளவான களியாகக் கிளறி மீன் குழம்போடோ உண்டால் பலன் வேறு. ஆடி மாதத்தில் அம்மனுக்கு வார்க்கும் கூழை ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மீன் விஷயத்தில் வீராம்பட்டினத்துப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் விலை மலிவு; அவற்றில் சர்க்கரையை உயர்த்தும் மாவுச்சத்து இல்லை; சிசுவின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு இருக்கிறது; நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. வஞ்சிரமும் வவ்வாலும் வாங்க முடியவில்லையே என்று ஏங்க இதில் ஒன்றுமில்லை. பெரிய மீன்களைத் தின்று வளரும் பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேருவதால், கர்ப்பிணிகள் அவற்றைக் குறைத்துக்கொள்வதே உத்தமம். கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். மீன்பிடி தடைக்காலத்து இரண்டு மாதங்களிலும் தட்டு வெறும் சோறும் ரசமுமாகச் சுருங்கிவிடாமல், முட்டை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மோர் ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்பவேண்டும். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துப் பொருளை அவளே உண்ணவேண்டும். மூத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடும் தாயின் மனம் நமக்குத் தெரியாததன்று, எனினும் வயிற்றிலிருப்பதும் அவள் பிள்ளைதான்.

ஆகாரம் போதாதென்றால் மருந்து. இரண்டு வாரத்துக்குப் பின்னும் 120-ஐத் தாண்டினால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தேவை என்று டாக்டரம்மா சொல்வார். மெட்ஃபார்மின் மிக மலிவான மாத்திரை. கர்ப்பத்தின் பாதிக்குப் பிறகு அதைக் கொடுக்கலாமென்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்து 2008-ல் வெளியான பரிசோதனையில், மாத்திரை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறகு இன்சுலினும் சேர்க்கவேண்டி வந்தது. ஆகையால் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற்றினால் நோய் முற்றிவிட்டதென்று கலங்குவது வீண். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போவதில்லை என்று முன்பே கண்டோம். ஊசி சிசுவுக்கு ஆகாது என்ற பயத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. ஒருமுறை ஊசி போட்டால் ஆயுள் முழுதும் போடவேண்டுமென்ற பயத்துக்கும் இடமில்லை. பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்தன்றே அது நின்றுவிடுகிறது.

1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அதற்கு முன்பு நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தாயோ சேயோ இருவருமோ இறப்பது சாதாரணமாயிருந்தது. இன்றைக்குக் கடைகளில் பேனா வடிவத்தில் விற்கும் புதிய இன்சுலின்கள் விலை உயர்ந்தவை. ஆனால் அரசு மருத்துவமனைகளில் குப்பியில் தரும் சாதாரண மனித இன்சுலினே கர்ப்பகாலத்துக்குப் போதுமானது. பேனாவுக்காகக் கடன் வாங்குவதைப்போல வீண் செலவு வேறில்லை என்பது என் துணிபு.

இந்த மருந்தில் சிக்கனத்துக்கு இடமிருக்கிறது, கவனக்குறைவுக்கு இடமில்லை. நம் நாட்டில் வழங்கும் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்குரிய சிரிஞ்சும் 40 என்ற குறியோடு சிவப்பு மூடியுடன் வருகிறது. ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சில் அதே குப்பியிலிருந்து எடுத்தால், பத்து என்று பார்த்து எடுத்தது உண்மையில் நாலு யூனிட்டாகவே இருக்கும். நேர்மாறாக எடுத்தாலோ மருந்து இரண்டரை மடங்காகிவிடும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்த்த பிறகே மருந்தை எடுக்கவேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று இன்சுலினை மறுப்பவர்கள் உண்டு. பெரிய மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மூடியுள்ள சிறு பாத்திரத்தில் தண்ணீர் படாதபடி குப்பியை வைத்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் பானையை இருத்தி, தினமும் நீரை மாற்றிவந்தால், உபயோகத்திலுள்ள குப்பி ஒரு மாதம் கெடாது. ஓட்டு வீட்டுச் சுவரில் வெயில் படும் பிறையிலோ, அடுப்புப் பக்கத்து அலமாரியிலோ வைத்தால் கெட்டுவிடும். உறைபெட்டிக்குள் வைத்து உறைந்துபோனாலும் கெட்டுவிடும். கடைக்காரர் ஐஸில் மீனைப் புதைப்பதுபோல மருந்தைப் புதைத்துவிட்ட வீடுகளும் இருக்கின்றன.

ஊசி போட்ட பிறகு சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஏலம் தாமதமாகிறது, அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றால் சர்க்கரை தாழ்ந்து கை நடுக்கமும், வியர்வையும், படபடப்பும், கண் இருட்டலும் வரும். அப்போது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்து, பிறகு ஏதாவது ஆகாரம் உண்ணவேண்டும். மார்க்கெட்டுக்குப் போகும் பெண் தன் சுருக்குப் பையில் ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸை எப்போதும் வைத்திருப்பது நல்லது. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108 வண்டியை அழைக்கவேண்டும். குளுக்கோமீட்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம். நாலு வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் தவறில்லை, ஆனால் விரலில் குத்தும் ஊசி ஒவ்வொருவருக்கும் தனியாக இருந்தாகவேண்டும். வாங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறையேனும் சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். கடைசி மாதங்களில் அடிக்கடி. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்றே இலவசப் பரிசோதனை நடக்கிறது. வெந்தயமோ பாகற்காயோ ஆகாரமாக உண்பதில் தோஷமில்லை. பெயர் தெரியாத சூரணங்களையும் சர்க்கரையை ஒழிக்கும் பொடிகளையும் காசு கொடுத்து வாங்கி மருந்துக்குப் பதிலாக உண்பது, இரண்டு உயிர்களோடு சூதாடுவதாகும்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரையுள்ள பெண்கள் இந்த விதிகளோடு நில்லாமல், குழந்தைக்கு ஆசைப்படும்போதே மருத்துவரைக் கண்டு சர்க்கரையை அடக்கிக்கொண்டு கருவுறவேண்டும். சிசுவின் இருதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். கர்ப்பம் என்று அவள் நிச்சயித்துக்கொள்வதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பிரசவத்தை ஆஸ்பத்திரியில்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் ஜிப்மரும் இத்தகைய பிரசவங்களுக்குப் பழக்கப்பட்டவை. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவமும், சிசேரியனும், மருந்தும், பரிசோதனையும், ஆகாரமும், வண்டியும் கட்டணமில்லாதவை; பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் அப்படியே. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுத்துவிடவேண்டும். முன்னே சொன்ன தாழ்சர்க்கரைக்கு அதுவே முதல் மருந்து. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கும் பழக்கம் எந்தக் குழந்தைக்கும் ஆகாது. இந்தக் குழந்தைக்கு அறவே ஆகாது.

பிரசவத்துக்குப் பின் பதுங்கும் சர்க்கரையைப் பற்றி முன்பு சொன்னேன். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களில் பலருக்குச் சில ஆண்டுகளிலேயே நிரந்தர நீரிழிவு வருகிறது. சிலருக்குப் பிரசவத்தோடு போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. பிரசவமான ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கவேண்டுமென்று வழிகாட்டுதல் சொல்கிறது. இம்முறை வெறும் வயிற்றோடு வரவேண்டும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, இவ்விரண்டில் எதைத் தொட்டாலும் நீரிழிவே. நம் பெண்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான். பிள்ளை பிறந்துவிட்டது, சர்க்கரை போய்விட்டது, இனி எதற்கு அலைச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடவேண்டியதும் அதே ஆறாவது வாரத்தில்தான். அதற்கு ஒருவரும் தவறுவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் அன்றைக்குக் காலையில் தாய்க்கு டீ கொடுத்துவிடாதீர்கள், வெறும் வயிற்றோடு அவளையும் அழைத்துப் போய், குழந்தைக்கு ஊசி போடும் இடத்திலேயே அவளுக்கும் சுகர் பார்க்கச் சொல்லி நர்சம்மாவிடம் கேளுங்கள்.